நடக்காது என்று சொன்னவர்

காலை ஆறு மணியிலிருந்து என் மச்சினி ஒரு தாளைத் தேடிக்கொண்டிருந்தாள். அது என் பர்ஸில் இருந்தது.

பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தாள். சாப்பாட்டு மேசை முழுக்க நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள்கள். முன்பக்கம் தேதி. பின்பக்கம் யோசனை. நான்கு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள்.

"இதுலதான் இருக்கணும். அக்கா எதையும் தூக்கிப் போட மாட்டா. அத்தான், நீங்க பாத்தீங்களா?"

"இல்லையே."

பொய் சொல்வது சுலபமாக இருந்தது. ஐந்து மாதமாக எல்லாமே சுலபமாகத்தான் இருக்கிறது. சாப்பிடுவது, தூங்குவது, வேலைக்குப் போவது. பல் டாக்டர் மரப்பு ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் தெரியாதே, அது மாதிரி.

மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார். என் மனைவியின் அப்பா. முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக். மகள் போன பிறகு, "மாப்பிள்ளை தனியா இருக்க வேணாம்" என்று சின்ன மகளையும் அழைத்துக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"டின்ல இல்லைன்னா வேற எங்க போயிருக்கும்?" என்றார். ஷூவைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் காப்பி டம்ளரைக் கழுவப் போனேன்.

போன வாரம் வந்த கடிதம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. நகராட்சியின் மக்கள் யோசனை மன்றம். வருடத்துக்கு ஒரு நாள். யார் வேண்டுமானாலும் ஒரு யோசனையோடு போகலாம். ஏழு நிமிடம் பேசலாம். மன்றத்துக்குப் பிடித்துவிட்டால், ஒரு குடியிருப்பில் நகராட்சியே அதைச் செய்து பார்க்கும். அதன் பிறகு அது எல்லோருக்கும் பொது. யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. இன்று பத்து மணிக்கு எங்கள் முறை.

கடிதத்தின் அடியில் ஒரு நிபந்தனை. 'யோசனை முதன்முதலில் எழுதப்பட்ட தாளைக் கொண்டுவரவும்.' போன வருடம் ஒரே யோசனைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடி, மன்றத்தில் நாற்காலி பறந்ததாம். அதற்குப் பிறகு இந்தக் கட்டுப்பாடு.

"நான் வரைஞ்ச படம் ஆறு வாரம் முன்னாடிதான். அந்தப் பூட்டுக்கடைக்காரர் இதையே ரெண்டு மாசமா விக்கறேன்னு மன்றத்துக்கு எழுதிக் குடுத்திருக்காரு. அக்கா எழுதினது கிடைச்சாதான் நாம முந்தி." மச்சினி தாள்களை மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் டூட்டிக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் வந்ததும் அக்காதான் சொன்னா. இன்னிக்கு ஒரு விளக்கு யோசனைடி திருகாணின்னு."

திருகாணி என்பது வீட்டில் அவள் பெயர். சின்ன வயதில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் கழற்றியவள். இப்போது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தை ஆரம்பித்தவள் என் மனைவி. காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை. அன்றைக்கு மாமாவும் திருகாணியும் சாப்பிட வருவார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கு ஒரு தாள். உலகத்தில் எதைச் சரிசெய்யலாம்? ஒன்று எழுத வேண்டும். பெயர் எழுதக் கூடாது. ஒருவர் எல்லாவற்றையும் உரக்கப் படிப்பார்.

மேசையில் கிடந்தவை கண்ணில் பட்டன. 'தெருவுக்கு ஒரு பொது ஏணி போதும்.' 'சாக்கடை மூடியில் கடைசியாகச் சுத்தம் செய்த தேதியை எழுதவேண்டும்.' 'லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவரோடு பேச்சுக் கொடுக்க ஒரு ஆள்.' பெயர் போடாவிட்டாலும் கடைசித் தாள் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

அவள் வைத்த சட்டம் ஒன்றுதான். யோசனையைக் கேட்டு யாராவது "நடக்காது" என்று சொல்லிவிட்டால், அவரே அதைச் செய்து காட்ட வேண்டும். திருகாணி இதற்காக ஒரு ரப்பர் ஸ்டாம்பே செய்துகொண்டு வந்தாள். ஊதா மை. 'நடக்காது என்று சொன்னவர்' என்று ஒரு வரி. 'செய்து காட்ட வேண்டிய நாள்' என்று ஒரு வரி. தாளில் கையெழுத்து என்று ஒன்று இருந்தால், அது தண்டனை வாங்கியவருடையதாகத்தான் இருக்கும்.

என் பர்ஸில் இருந்த தாளிலும் ஊதா மை இருந்தது.

"சரி, நேரமாச்சு," என்றார் மாமா. ஷூவை மாட்டிக்கொண்டார். "இருக்கறத வச்சுப் பேசிக்கலாம்."

"தோத்துடுவோம்பா."

"பாக்கலாம்."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு வினாடிதான்.

*

நகராட்சி மண்டபத்தில் மின்விசிறிகள் சத்தமாகச் சுற்றின. மேடையில் மூன்று பேர். நடுவில் மன்றத்தின் தலைவி. எழுபது வயது இருக்கும். முன்னால் முட்டை வடிவத்தில் சமையலறை டைமர் ஒன்று. ஏழு நிமிடம் ஆனதும் அது கத்தும். பேசுகிறவர் உட்கார்ந்துவிட வேண்டும்.

எங்களுக்கு முன்னால் ஒரு முடிதிருத்துபவர். கடையில் மாற்றிய பழைய கண்ணாடிகளைத் தெரு முனைகளில் மாட்டலாம் என்றார். வளைவில் வரும் வண்டி தெரியும்.

"என் கண்ணாடியில இதுவரைக்கும் தலை தப்பிச்சவங்க கம்மி. உயிராவது தப்பிக்கட்டுமே."

மண்டபம் சிரித்தது.

அடுத்து ஒரு தையல்காரம்மா. பள்ளிச் சீருடையில் மூன்று மடிப்பு வைத்துத் தைக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு மடிப்பைப் பிரித்தால் போதும்.

"இது கண்டுபிடிப்பா?" என்று கேட்டார் தலைவிக்கு இடப்பக்கம் இருந்த நகராட்சிப் பொறியாளர்.

"உங்க வீட்டுல வளர்ற பிள்ளை இருக்கா சார்?"

"ரெண்டு இருக்கு."

"அப்ப வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டுட்டு வந்து பேசுங்க."

திருகாணி சிரிக்கவில்லை. மடியில் மாதிரிப் பெட்டி. ஒரு சுவிட்ச், ஒரு ஆரஞ்சு விளக்கு, நடுவில் ஒயர். அவளும் மாமாவும் ஆறு வாரமாக உட்கார்ந்து செய்தது. என்னையும் கூப்பிட்டார்கள். ஆபீஸில் வேலை என்றேன். நான் மின்மீட்டர் சோதனைக் கூடத்தில் இருக்கிறேன். அங்கே அப்படித் தலைபோகிற வேலை எதுவும் கிடையாது.

எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

அவள் எழுந்து போய் மேடை முன்னால் நின்றாள். குரல் முதலில் கட்டுப்பாட்டு அறைக் குரலாகவே வந்தது.

"வணக்கம். நான் ஆம்புலன்சுக்கு வர்ற போனை எடுக்கறவ. ஒரு போன்ல பாதி நேரம் எதுக்குப் போகுது தெரியுமா? எந்த வாசல், எந்த மாடி, எந்தப் பக்கம்னு கேக்கறதுக்கு. வீட்டுல இருக்கறவங்க அழுதுட்டிருப்பாங்க. அவங்களுக்கு வலது இடது மறந்துபோயிருக்கும்."

பெட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

"கதவுக்குப் பின்னாடி ஒரு சிவப்பு சுவிட்ச். தட்டினா மாடிப்படி வாசல்ல இந்த விளக்கு மினுக்கும். வண்டிக்காரர் யாரையும் கேக்க வேணாம். விளக்கப் பாத்து வந்துடலாம். அவ்வளவுதான்."

தட்டினாள். மினுக்கியது.

"எங்க காலனியில எட்டு பிளாக். எல்லாம் ஒரே மாதிரி, ஒரே மஞ்சள். நம்பர் பின்பக்கம்தான் எழுதியிருக்கு. அஞ்சு மாசம் முன்னாடி எங்க அக்காவுக்குத் திடீர்னு முடியாம போச்சு. வீடு நாலாம் பிளாக். வண்டி ஏழாம் பிளாக்குக்குப் போயிடுச்சு. மூணு மாடி ஏறி, யார் வீட்டுக் கதவையோ தட்டியிருக்காங்க. ஒன்பது நிமிஷம் போச்சு."

மாமா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் ஏழுக்குப் போனார்கள்? ஐந்து மாதமாக மாமா கேட்கும் கேள்வி அது ஒன்றுதான். சாப்பிடும்போது கேட்பார். டிவி பார்க்கும்போது கேட்பார். "நாலுன்னு தெளிவாதானே சொன்னீங்க மாப்பிள்ளை?" தெளிவாகத்தான் சொன்னேன் மாமா என்பேன். வண்டி ஓட்டியவரைக் கண்டுபிடித்துக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டியவன் நான். கேட்கவில்லை.

பொறியாளர் பேனாவைத் தூக்கினார்.

"ஒரு சந்தேகம்மா. பழுதான ட்யூப்லைட்டும் மினுக்கும். பாதி ஊர்ல அப்படித்தான் கிடக்கு. வண்டிக்காரர் அதப் பாத்துட்டுப் போயிட்டா?"

என் காதில் மின்விசிறிச் சத்தம் நின்றுபோனது.

"அதையும் யோசிச்சிருக்கோம் சார். இது ஆரஞ்சு. மூணு தடவை மினுக்கி நிக்கும். மறுபடி மூணு தடவை. ட்யூப்லைட்டுக்கு அப்படி எண்ணத் தெரியாது."

சிலர் சிரித்தார்கள். பொறியாளரும் சிரித்துத் தலையாட்டினார். மாமா சிரிக்கவில்லை. கைகளை விட்டுத் தலை நிமிர்ந்து, அந்தப் பொறியாளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முட்டை கத்தியது.

பூட்டுக்கடைக்காரர் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை. எங்கள் கதவுக்கும் பூட்டு அவர் கடையில்தான் வாங்கினோம்.

"தங்கச்சி சொன்னது மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா இதே சாமான் என் கடையில ரெண்டு மாசமா தொங்குது. ரசீது புக் இருக்கு. நான் யோசிச்சு, நான் செஞ்சு விக்கறது. நாளைக்கு நகராட்சியே சும்மா மாட்டிக் குடுத்தா என்கிட்ட எவன் வருவான்?"

தலைவி கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க முதல் தாள் எங்கம்மா?"

"இந்தப் படம்தாங்க. ஆறு வாரம் முன்னாடி வரைஞ்சது. ஆனா யோசனை எங்க அக்காவோடது. ரொம்ப முன்னாடியே எழுதினா. தாள்தான் கிடைக்கல."

"கிடைக்கலைன்னா நான் என்னம்மா செய்யறது? அவர் முந்திக்கிட்டாருன்னா, இது அவர் சாமான். மன்றம் எடுக்க முடியாது. வேணுங்கறவங்க அவர்கிட்ட வாங்கிக்க வேண்டியதுதான்."

"வாங்க முடியாதவங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பாவை இல்லை, என்னைத்தான். உதவி கேட்கிற பார்வை. காலையிலிருந்து நூறு தாள் புரட்டிய விரல்களில் பழைய மை ஒட்டியிருந்தது.

எழுந்தேன். எழ வேண்டும் என்று முடிவு எதுவும் செய்யவில்லை. கால் எழுந்தது.

"தாள் எங்கிட்ட இருக்கு."

அடையாள அட்டைக்குப் பின்னால் நான்காக மடித்து வைத்திருந்தேன். மேடை வரை நடந்தேன். திருகாணியைத் தாண்டிப் போகும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தலைவி தாளைப் பிரித்தார். முன்பக்கத் தேதியை விரலால் தொட்டார். "எட்டு மாசம் முன்னாடி," என்றார் பொறியாளரிடம். பிறகு திருப்பி, ஒலிபெருக்கி முன்னால் உரக்கப் படித்தார்.

"'எங்கள் பள்ளியில் மணி அடித்தால் பிள்ளைகளுக்குக் கேட்காது. அதனால் வகுப்பில் விளக்கு மினுக்கும். உடனே எல்லாத் தலையும் திரும்பும். வீட்டுக்கும் அப்படி ஒன்று வைத்தால் என்ன? கத்த முடியாதவர்களுக்காக வீடே கூப்பிடட்டும். மூன்று முறை, ஒரு நிறுத்தம், மூன்று முறை.'"

அவள் எழுத்தை வேறு ஒருவர் குரலில் கேட்டேன்.

"கீழ ஏதோ ஸ்டாம்ப் இருக்கே. 'நடக்காது என்று சொன்னவர்.' இது யார் கையெழுத்து?"

"என்னோடது."

"'செய்து காட்ட வேண்டிய நாள்…'" தேதியைப் படித்துவிட்டு நிறுத்தினார். கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. திருகாணியும் கணக்குப் போட்டிருப்பாள். அந்த நாள், அவள் அக்கா போவதற்கு இரண்டு மாதத்துக்கு முந்தைய நாள்.

தலைவி தாளை மெதுவாக மடித்தார்.

பூட்டுக்கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பொண்ணு என்னை முந்திடுச்சு," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். "நானும் சும்மாவே வந்து மாட்டித் தர்றேன். எழுதிக்குங்க."

மன்றம் ஏற்றுக்கொண்டது. எட்டு பிளாக்கிலும் முதல் சோதனை. கைதட்டினார்கள். திருகாணி மாதிரிப் பெட்டியை அணைக்க மறந்து நின்றாள். அது மினுக்கிக்கொண்டே இருந்தது.

*

வெளிப்படிகளில் வெயில். அவள் எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஆறு மணிலேருந்து தேடினேன். பாத்தீங்களான்னு மூஞ்சியப் பாத்துக் கேட்டேன். இல்லையேன்னீங்க."

"ஆமா."

"அப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

"நான் அன்னிக்கு வீட்டுலதானே இருந்தேன். ஸ்டாம்ப் குத்தினதே நான்தான்."

"ஏன் சொல்லல?"

"சொல்லி?" என்றார் மாமா.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ரெண்டு பேருமா சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க. அத்தான், நீங்க நடக்காதுன்னு சொன்னீங்க. சரி, விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை நாம எல்லாரும்தான் சொல்லியிருக்கோம். தண்டனை வாங்கினீங்கள்ல? மூணு மாசம் இருந்துச்சு. மீட்டரையே பிரிச்சு மேயறவரு நீங்க. இந்த விளக்கு உங்களுக்கு ஒரு நாள் வேலை. ஏன் செய்யல?"

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். சோம்பேறி என்று நினைத்துக்கொண்டு போயிருப்பாள். மன்னித்தும் இருப்பாள்.

"செஞ்சேன்."

"என்னது?"

"செஞ்சு முடிச்சுட்டேன். ஆபீஸ் டிராயர்ல இருக்கு."

மாமா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"எப்ப முடிச்சீங்க?" என்றார்.

"பத்து நாள் முன்னாடி."

"இப்ப பத்து நாள் முன்னாடியா?"

"இல்ல மாமா. அதுக்குப் பத்து நாள் முன்னாடி."

எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

"நடுவுல ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துச்சு," என்றேன். "மாட்டிடலாம்னு இருந்தேன். மதியம் படுத்தவன் தூங்கிட்டேன். அடுத்த ஞாயிறு பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டேன். வானம் இடிந்து விழவில்லை. கீழே ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

திருகாணி அழவில்லை. நான் எதிர்பார்த்தது அழுகை. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு மணிக்கு டூட்டி. அத்தான், அன்னிக்கு நீங்க பண்ணின போன் எங்க ஆபீஸ்ல பதிவாகி இருக்கு. ஆறு மாசம் வச்சிருப்பாங்க. சொந்தக்காரங்க குரல்னா எழுதிக் குடுத்துதான் கேக்கணும். நான் குடுக்கல. ஏன் தெரியுமா? அத்தான் எல்லாத்தையும் சொல்லிட்டாரு, இனிமே கேக்க என்ன இருக்குன்னு நினைச்சேன்."

பெட்டியை மாமா மடியில் வைத்தாள்.

"இனிமே நீங்க சொல்றத வச்சு என்னால தூங்க முடியாது. என் காதால கேக்கணும். இன்னிக்கே எழுதிக் குடுக்கறேன்."

"வேணாம்மா," என்றேன். என்னையும் மீறி வந்த வார்த்தை.

அவள் நின்றாள். "ஏன்?"

நான் சைக்கிள்காரர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் போய் பஸ் ஏறினாள்.

*

மாமாவும் நானும் இன்னொரு பஸ்ஸில் வந்தோம். பக்கத்துப் பக்கத்து சீட். என் ஆபீஸ் நிறுத்தம் வந்ததும் முழங்கையால் இடித்தார்.

"இறங்குங்க. போய் அத எடுத்துட்டு வாங்க."

"மாமா?"

"எட்டு பிளாக்குல முதல் விளக்கு எதுன்னு முடிவு பண்ணிட்டேன். நகராட்சி ஆளு வர்றதுக்குள்ள நம்ம வாசல்ல அது எரியணும். எந்திரிங்க மாப்பிள்ளை, டிரைவர் திட்டப்போறான்."

நான்காவது டிராயர். சோதனைக்கு வந்து திரும்பிப் போகாத மீட்டர்களுக்குப் பின்னால் ஒரு சோப்பு டப்பா. அதற்குள்தான் வைத்திருந்தேன். மூடியில் விளக்குக்கு வட்டமாக ஓட்டை. ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தேன். என் மனைவியின் விரலில் கீறிவிடக் கூடாது என்று. அதை மறந்துபோயிருந்தேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது மாமா மூன்று மாடிக்கும் ஒயர் இழுத்து முடித்திருந்தார். மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்துக் குழாய் வழியாக. லிஃப்ட் குழிக்குள் தொங்கி ஒயர் இழுத்த கை. வாசலில் ஸ்டூல் மேல் ஏறி நின்றார். டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க," என்றார்.

அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. ஆறு மணி இருக்கும். வேலையிலிருந்து திரும்புகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். "என்ன பெரியவரே, சீரியல் லைட்டா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, உங்களுக்குத்தான் வரவேற்பு," என்றார் மாமா. கேட்டவர் சிரித்துக்கொண்டே மேலே போனார்.

கடைசித் திருகை முடுக்கும்போது மாமா எனக்கு முதுகைக் காட்டியபடி பேசினார்.

"ஏழாம் பிளாக் வாசல்ல ட்யூப்லைட்ட மாத்தினது நான்தான். தெரியுமா?"

"தெரியாது மாமா."

"அவ போன மறு வாரம். சும்மா இருக்க முடியாம எதையாவது ரிப்பேர் பண்ணிட்டுத் திரிஞ்சேனே, அப்ப. ரெண்டு மாசமா மினுக்கிட்டிருந்துச்சுன்னு அங்க உள்ளவங்க சொன்னாங்க." திருகு நின்றது. "இன்னிக்கு அந்த இன்ஜினியர் ஒரு கேள்வி கேட்டாரு இல்ல?"

நான் ஸ்டூலை இறுக்கிப் பிடித்தேன்.

"மினுக்கிற விளக்கப் பாத்துப் போறதுன்னா, விளக்கப் பாத்து வான்னு அந்த வண்டிக்காரருக்கு யாராவது சொல்லியிருக்கணும். சும்மா ஏன் போகப்போறாரு?" கையை மட்டும் பின்னால் நீட்டினார். "அந்தச் சிவப்பு ஒயரக் குடுங்க."

கொடுத்தேன்.

"சரி. மேல போய் சுவிட்சத் தட்டுங்க. நான் கேட்லேருந்து பாக்கறேன்."

ஐம்பத்து நான்கு படி. ஏறினேன். கதவுக்குப் பின்னால் சிவப்பு சுவிட்சைப் பொருத்தி வைத்திருந்தார். என் மனைவி கைப்பை மாட்டும் கொக்கிக்குப் பக்கத்தில். கை நீட்டியபோது போன் அடித்தது. திருகாணி.

"அனுமதி குடுத்துட்டாங்க. நாளைக்குக் காலைல ஒன்பது மணி. கூட ஒருத்தர் இருக்கலாமாம். அப்பாவ கூட்டிட்டு வரட்டுமா, இல்ல நீங்க வர்றீங்களா?"

"திருகாணி…"

"சொல்லுங்க."

கீழே கேட் பக்கமிருந்து மாமா கத்தினார். "தட்டுங்க மாப்பிள்ளை!"

அந்தப் பதிவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முதல் நிமிடம் என் மூச்சு. இரண்டாவது நிமிடம் முகவரி. நாலாம் பிளாக் என்று தெளிவாகச் சொல்கிறேன். மூன்றாவது நிமிடம் போன் எடுத்த பெண் கேட்கிறாள்: "எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி இருக்காம் சார், வாசல்ல ஏதாவது அடையாளம் இருக்கா?"

என் மனைவியின் தலை என் மடியில். என் மனதில் அந்த விளக்கு பத்து நாளாக எரிந்துகொண்டிருந்தது. மேசை மேல் நூறு முறை தட்டிப் பார்த்திருந்தேன். மாட்டவில்லை என்பது அந்த வினாடி எனக்கு நினைவே இல்லை.

"இருக்கு," என்றேன். "விளக்கு மினுக்கும். அதப் பாத்து வரச் சொல்லுங்க."

"அத்தான், லைன்ல இருக்கீங்களா?"

"நானே வர்றேன்," என்றேன். "ஆனா காலை வரைக்கும் காத்திருக்க வேணாம். டூட்டி முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வா. அதுல இருக்கறத நான் முதல்ல சொல்லிடறேன். அப்புறம் நீ கேளு."

அவள் வைத்துவிட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சுவிட்சைத் தட்டினேன். ஜன்னல் வழியே, கீழே மண் தரையில் ஆரஞ்சு விழுந்தது. மூன்று முறை. ஒரு நிறுத்தம். மூன்று முறை.

"தெரியுது!" என்று மாமா கேட்டிலிருந்து கத்தினார். "இங்கேருந்தே நல்லாத் தெரியுது!"

அவள் வருவதற்கு நேரம் இருந்தது. முதலில் நான் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். பாதி அவரே கண்டுபிடித்துவிட்டார். மீதி என்னிடம் இருந்தது.

விளக்கை அணைக்காமல் இறங்க ஆரம்பித்தேன்.